‘வேண்டாம்’ என்று சொல்ல வழி விடுவது: தோட்டப்புறத்தில் உளவியல் ஆய்வு செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுள் ஒன்றில் என் அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் நடக்கும் வருகைக் கூட்டத்தில்), பெயர் கூப்பிட்டு முடிந்ததும், வேலையை மேற்பார்க்கும் தண்டல் எல்லாரிடமும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். பக்கத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணியும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இரண்டு இளைஞர்களும் நின்றிருந்தார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு தருவதற்கான மனு அது என்று அம்மா நினைத்துக்கொண்டார். அது ஓர் ஆய்வு என்பதும், வாழ்வதில் பயனில்லை என்று தோன்றியதுண்டா என்பது போன்ற கேள்விகளுக்குத் தாம் குறியிட்டிருக்கிறோம் என்பதும், வீட்டுக்கு வந்த நகலை அன்று மாலை நான் படித்துக் காட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்” என்றார்.

இன்று நான் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். மனச்சோர்வு, குடிப்பழக்கம், பிள்ளைகளின் தன்னம்பிக்கை, முதியோர் தனிமை என்று ஏதேனும் ஒரு தலைப்போடு எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற மாணவர்களுக்கு அந்தப் பெரட்டின் நினைவோடுதான் ஆலோசனை சொல்கிறேன். தோட்டத்து ஊரில் ஒருவரைச் சம்மதிக்க வைப்பது எளிது. மறுக்க அவருக்கு வழி இருந்ததா என்பதுதான் கடினமான கேள்வி. குடியிருக்கும் வீடு நிர்வாகத்துடையது, நாளைய வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் தண்டல், பிள்ளைக்குச் சான்றிதழில் கையொப்பமிடுபவர் தலைமையாசிரியர், திருவிழாவில் முதல் மரியாதை கோயில் தலைவருக்கு. இவர்களில் ஒருவர் உங்களை அழைத்துவந்து அறிமுகப்படுத்தினால், உங்கள் வினாத்தாளை மறுப்பது அவரையே மறுப்பதாகிவிடும். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தியிருக்கிறேன்: இவர் ‘வேண்டாம்’ என்றால் எதை இழப்பார்?

முதற்படி: ஏன் இந்த மக்கள் என்று எழுதிப் பாருங்கள்

கேள்வித்தாளைத் தொடுவதற்கு முன், ஒரு பக்கத்தில் உங்களுக்கே விடை எழுதுங்கள். உங்கள் கேள்வி தோட்டத்து வாழ்க்கையைப் பற்றியதா, அல்லது தோட்டத்து மக்களை ஒரே இடத்தில் எளிதாகத் திரட்டலாம் என்பதால் இங்கே வருகிறீர்களா? பின்னது உண்மையானால், அதே ஆய்வை உங்கள் பல்கலைக்கழக விடுதியிலேயே செய்யலாம்.

இந்தக் கேள்விக்கு மலாயா மண்ணிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய்க்குக் காரணம் என்ன என்று கண்டறிய வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார்; ஒற்றைப்படை எண்ணில் வந்தவர்களுக்குத் தீட்டிய சயாம் அரிசியும், இரட்டைப்படை எண்ணில் வந்தவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியும் தரப்பட்டன. தீட்டிய அரிசி உண்டவர்களில் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பக்கம் நோய் ஏறத்தாழ இல்லவே இல்லை. புழுங்கலரிசியில் பி1 உயிர்ச்சத்து தங்கிவிடுகிறது என்ற விளக்கம் பிற்காலத்தில்தான் வந்தது. மலாயாவில் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் வருவதில்லை என்பது அப்போதே கவனிக்கப்பட்டிருந்தது. எங்கள் கொள்ளுப்பாட்டிகளின் சோற்றுப்பானையில் பாதி விடை இருந்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அது உளவியல் ஆய்வு அன்று, 1907இல் வெளியான அதன் முடிவு பல உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. ஆயினும் அந்த ஆய்வு ஏன் மனநோய் இல்லத்தில் நடந்தது? சுவருக்குள் இருந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பினத்தவரை, பெனிசிலின் கிடைத்த பிறகும் சிகிச்சையளிக்காமல் கவனித்தே வந்ததும் இந்த வகைதான். அந்த அவலம் வெளிவந்ததைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஆணையம் 1979இல் வெளியிட்ட பெல்மாண்ட் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்று மூன்று அடிப்படைகளை வகுத்தது. முதல் இரண்டையும் எல்லா மாணவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்றாவதுதான் தோட்டத்துக்கு மிகவும் வேண்டியது: ஆய்வின் சுமையைச் சுமப்பவர்களும் அதன் பயனைப் பெறுபவர்களும் வேறு வேறு ஆட்களாக இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: தீங்கை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்

‘இந்த ஆய்வில் எந்த ஆபத்தும் இல்லை’ என்று எழுதியிருந்தால் நான் அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். உளவியல் ஆய்வில் ஊசி குத்துவதில்லை, இரத்தம் எடுப்பதில்லை. ஆனால் புதைத்து வைத்த நினைவைத் தோண்டுகிறோம், கணவனிடம்கூடச் சொல்லாததைக் கேட்கிறோம், அதன் பின் மாலைப் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறோம். கிளறிவிட்டது அந்த வீட்டிலேயே இருக்கிறது.

குறிப்பாக, பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதன் 9ஆவது கேள்வி, செத்துப்போவது நல்லது என்றோ தன்னைத் தானே வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. இந்தக் கேள்விக்கு ஒருவர் 3 என்று குறியிட்ட தாள், உங்கள் பையில் மடிந்து கிடந்து, இரண்டு மாதங்களுக்குப் பிறகு விடுதி அறையில் கணினியில் ஏற்றப்படும்போதுதான் படிக்கப்படுகிறது என்றால், நீங்கள் அவரிடம் அதைக் கேட்டிருக்கவே கூடாது. அந்தக் கேள்வி உங்கள் ஆய்வுக்குத் தேவையில்லை என்றால், அது இடம்பெறாத 8 கேள்வி வடிவத்தைப் பயன்படுத்துங்கள். தேவைதான் என்றால், தாளை வாங்கிய இடத்திலேயே அந்த ஒரு விடையைப் பாருங்கள். 0 தவிர வேறு எது குறியிடப்பட்டிருந்தாலும், அவரோடு தனியே பேசப் பயிற்சி பெற்ற ஒருவர் அன்றே அருகில் இருக்க வேண்டும்.

அதற்கான ஏற்பாட்டைத் திட்டத்திலேயே எழுதுங்கள். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் யாரைப் பார்ப்பது, அங்கே போகப் பேருந்து உண்டா, இல்லையென்றால் வாடகைக் காருக்கு யார் பணம் தருவது என்பது வரை எழுத வேண்டும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555ஐயும், வன்முறை, துன்புறுத்தல் போன்றவற்றுக்கான தாலியான் காசே என்ற உதவி எண்ணான 15999ஐயும் ஒரு சிறு அட்டையில் தமிழில் அச்சடித்து, பங்கேற்ற அனைவருக்கும் கொடுங்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால், அந்த அட்டையே அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடும். இன்னொன்று: தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு நீக்கப்பட்டு, அந்த நீக்கம் 2023 செப்டம்பர் 11ஆம் தேதி நடப்புக்கு வந்துவிட்டது, ஆனால் “போலீஸ் கேஸ் ஆயிடும்” என்ற பயம் லயத்தில் இன்னும் இருக்கிறது. அதை நீங்கள் தெளிவுபடுத்தாமல் கேள்வி கேட்டால், உண்மையான விடை வராது, உதவி தேவைப்படுபவரும் ஒளிந்துகொள்வார்.

மூன்றாம் படி: யார் யாரிடம் அனுமதி

இது அலுவலக வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவின் எழுத்துவழி அனுமதி வேண்டும். அது வருவதற்கு முன் ஒரே ஒரு ‘மாதிரிப் பேட்டி’யைக்கூட எடுக்கக் கூடாது. சுகாதார அமைச்சின் மருந்தகம், மருத்துவமனை, ஊழியர், நோயாளி என்று எது சம்பந்தப்பட்டாலும், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் ஆய்வு நெறிக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குள் நுழைவதாக இருந்தால் கல்வி அமைச்சின் ஒப்புதல், பின்னர் மாநிலக் கல்வி இலாகா, அதன் பிறகே தலைமையாசிரியர். சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் இருக்கும் ஓராங் அஸ்லி (பூர்வகுடி மக்கள்) கிராமங்களுக்குப் போவதானால், ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதி தனியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். கடைசிப் பருவத்தில் தொடங்கினால் ஏதேனும் ஒன்றைத் தாண்டிப் போகத் தோன்றும்; ஆகவே முந்தைய பருவத்திலேயே தொடங்குங்கள்.

நான்காம் படி: வாசலில் நிற்பவர்களும் வீட்டுக்குள் இருப்பவர்களும்

தோட்ட மானேஜரின் கடிதம் தோட்டத்துக்குள் நுழைய அனுமதி. அவ்வளவே. அந்தத் தோட்டத்தில் வாழும் 200 பேரின் மனத்துக்குள் நுழைய அது அனுமதி ஆகாது. நான் பார்த்த திட்டங்களில் மிக அதிகமாக நேரும் பிழை, இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான்.

இங்கே ஸ்டான்லி மில்கிராமின் பேரை நினைவுகூர வேண்டும். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில், நினைவாற்றல் ஆய்வு என்று சொல்லி, 4 டாலர் ஊதியமும் 50 காசு பயணச் செலவும் கொடுத்து அவர் ஆட்களைச் சேர்த்தார். அடுத்த அறையில் இருந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைக்கப்பட்ட 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அதிர்ச்சி பொய், அவர்களுடைய வேர்வையும் நடுக்கமும் மெய். 1964இல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் இந்த ஆய்வின் நெறியைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். பாடநூல்கள் இதை ஏமாற்று ஆய்வுக்கு எடுத்துக்காட்டாக வைக்கின்றன. எனக்கு அது ஒப்புதலைப் பற்றிய பாடமாகவே தெரிகிறது: முன்பின் அறியாத, சாம்பல் நிற அங்கி அணிந்த ஒருவர் ‘தொடருங்கள்’ என்றதற்கே படித்தவர்களும் பாடுபட்டு உழைப்பவர்களும் மறுக்க முடியாமல் தவித்தார்கள் என்றால், தன் வீட்டையும் வேலையையும் கையில் வைத்திருக்கும் கிராணி பக்கத்தில் நிற்க நீட்டப்படும் தாளை என் அம்மா எப்படி மறுத்திருக்க முடியும்?

எனவே நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். பெரட்டில் ஆய்வை அறிவிக்கலாம். பெரட்டில் கையெழுத்து வாங்கக் கூடாது. அறிவிப்பைச் செய்பவர் தண்டலாக இல்லாமல் நீங்களாகவே இருங்கள். விருப்பமுள்ளவர்கள் உங்களைத் தேடி வரும்படியோ, புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பும்படியோ விடுங்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற பட்டியல் நிர்வாகத்தின் கைக்குப் போகாது என்பதை மானேஜரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லி, அதை அவரது கடிதத்திலும் எழுதி வாங்குங்கள். அவர் அதற்கு ஒப்பவில்லை என்றால் அந்தத் தோட்டத்தை விட்டுவிடுங்கள். கோயில் கமிட்டிக்கும் இதே விதிதான். தலைவர் நல்லெண்ணத்தோடு “நான் சொன்னா எல்லாரும் வந்துடுவாங்க தம்பி” என்று உறுதி கூறுவார். நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த உறுதியைத்தான்.

ஐந்தாம் படி: ஒப்புதல்

மனிதர் மீது நாஜி மருத்துவர்கள் நடத்திய ஆய்வுக் கொடுமைகளை விசாரித்த நூரெம்பெர்க் நீதிமன்றம் 1947இல் வகுத்த 10 விதிகளில் முதலாவது, பங்கேற்பவரின் தன்னிச்சையான ஒப்புதல் இன்றியமையாதது என்பதாகும். 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கிப் பிரகடனம் அதை விரிவாக்கியது. 2024இல் அது திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு ‘உட்படுத்தப்படுபவர்’ என்ற பழைய சொல்லை விட்டுவிட்டுப் ‘பங்கேற்பாளர்’ என்ற சொல்லைக் கைக்கொண்டது. இனி அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் எப்படி உயிர் கொடுப்பது என்பதைப் பார்ப்போம்.

முதலில் மொழி. மலாய்ப் படிவத்தைக் கணினியில் போட்டுத் தமிழாக்கி எடுத்துவருகிறார்கள்; அதை எழுதியவருக்கே அது புரியாது. தமிழ்நாட்டில் மொழிபெயர்க்கப்பட்ட வினாத்தாளை அப்படியே கொண்டுவந்தாலும் சில சொற்கள் இங்கே வழக்கில் இல்லை. ‘மனச்சோர்வு’ என்று கேட்டால் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பாட்டி தயங்குவார். ‘மனசு பாரமா இருக்கா, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கா’ என்றால் உட்கார்ந்து பேசுவார். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத மற்றொருவர் அதைத் திரும்பவும் மூலமொழிக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவது முறை. அதற்கு மேல், ஊரைச் சேர்ந்த நான்கைந்து பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பாதி வாக்கியங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

தகவல் தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். யார் நீங்கள், எதற்காக, எவ்வளவு நேரம், எந்த மாதிரியான கேள்விகள், எதனால் மனம் வருந்தலாம், பதில்கள் யாருக்குத் தெரியும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் வீடு, வேலை, பள்ளி, உதவித்தொகை எதுவும் பாதிக்கப்படாது என்பதையெல்லாம் அது சொல்ல வேண்டும். ‘இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை’ என்ற வாக்கியத்தை மறைக்காதீர்கள். தோட்டத்துக்குத் தாளோடு வருபவர்கள் பெரும்பாலும் ஏதோ ஓர் உதவியைப் பதிய வருபவர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் உங்களையும் அப்படியே எண்ணுவார்கள்.

வாசித்துக் காட்டிய பிறகு, “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், அக்கா, இது எதற்கு என்று உங்கள் வார்த்தையில் ஒரு முறை சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். சோதிக்கப்படுவது அவருடைய அறிவாக இல்லாமல் உங்களுடைய விளக்கமாகிவிடும். அதன் பின் தாளை அவரிடம் விட்டுவிட்டு, ஒரு நாளாவது கழித்துத் திரும்பி வாருங்கள்.

திரும்பி வரும்போது கிடைக்கும் விடைகளைக் கேட்கத் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது நம் வழக்கம் இல்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, “பார்க்கலாம்” என்பார்கள், “நாளைக்கு வாங்க” என்பார்கள், “அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்பார்கள். ஒரு முறை அப்படிப் பதில் வந்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். மறுபடி மறுபடி போய்ச் சம்மதம் வாங்கியதை விடாமுயற்சி என்று ஆய்வேட்டில் எழுதிய மாணவரை நான் அறிவேன். அது வற்புறுத்தல்.

கையெழுத்துக்கு வருவோம். வட்டிக்காரரின் தாளும் வீட்டைக் காலிசெய்யும் அறிவிப்பும் கையெழுத்தோடுதான் வந்திருக்கின்றன என்பதால், பேச விருப்பமுள்ளவர்கூடக் கையெழுத்துப் போட அஞ்சலாம். வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்துகொள்ள ஆய்வு நெறிக் குழுவிடம் முன்பே அனுமதி கேட்டு வைக்கலாம். எழுத்தறியாதவர் கைநாட்டு வைப்பதாக இருந்தால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

ஆறாம் படி: பணம்

ஒரு மணி நேரம் பேச ஒருவரை உட்கார வைத்தால், அந்த நேரத்துக்கு ஈடு கொடுப்பது நியாயம். எவ்வளவு என்பதுதான் சிக்கல். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது; மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால் நாளுக்கு 65 ரிங்கிட் சொச்சம். ஒரு மணி நேரப் பேட்டிக்கு 100 ரிங்கிட் என்று அறிவித்தால், மறுப்பவர் ஒரு நாள் கூலிக்கு மேலே இழக்கிறார். அப்போது ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு நீங்களே விலை வைத்துவிட்டீர்கள். 10 முதல் 20 ரிங்கிட் வரை கொடுப்பது நேரத்துக்கு ஈடாகும், ஆசை காட்டுவதாகாது என்பது என் கருத்து. செம்பனைக் குலை வெட்டுபவர் எடைக்குக் கூலி வாங்குபவராக இருந்தால், அவருடைய வேலை நேரத்தில் போகவே போகாதீர்கள். பாதியில் எழுந்து போகிறவருக்கும் முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள்; முடித்தால்தான் காசு என்பது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பொய்யாக்கிவிடும்.

ஏழாம் படி: பிள்ளைகள்

மலேசியாவில் 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும். ஆனால் பெற்றோரின் கையெழுத்தோடு பிள்ளையின் விருப்பம் முடிந்துவிடாது. அதன் வயதுக்கேற்ற மொழியில் சொல்லி, அதனிடமும் இசைவு கேட்க வேண்டும். தாய் ஒப்பி, பிள்ளை தலையைக் குனிந்துகொண்டால், பிள்ளை சொன்னதே விடை. ‘மறுப்பவர்கள் மட்டும் படிவத்தைத் திருப்பி அனுப்பவும்’ என்று புத்தகப்பையில் வைத்து அனுப்பும் முறையை நான் ஏற்பதில்லை. இரவுப் பணியில் இருக்கும் தகப்பன் அந்தத் தாளைப் பார்த்தே இருக்க மாட்டார்.

வகுப்பறையில் செய்யும்போது ஆசிரியர் வெளியே இருக்கட்டும். பங்கேற்காத பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டவோ கதை படிக்கவோ ஏதேனும் கொடுத்து, அதே அறையில் அதே நேரம் உட்கார வைத்தால், யார் மறுத்தார் என்பது தெரியாது. மறுத்தவர்களை மட்டும் எழுப்பி வெளியே அனுப்பினால், அடுத்த ஆய்வில் ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

எட்டாம் படி: உண்மையை மறைக்கும் ஆய்வுகள்

ஆய்வின் நோக்கத்தை மறைக்காமல் சில கேள்விகளுக்கு விடை காண முடியாது என்பது உண்மை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை அதற்கு இடம் தருகிறது. ஆனால் வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும், உடல் வலியோ கடும் மனவேதனையோ தரக்கூடியதை மறைக்கவே கூடாது, முடிந்தவுடன் உண்மையை விளக்கி, விரும்பினால் தம் விடைகளைத் திரும்பப் பெறவும் அனுமதிக்க வேண்டும். 1920இல் வாட்சனும் ரேனரும் ‘ஆல்பர்ட்’ என்று அழைக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு வெள்ளை எலியைக் கண்டால் அஞ்சப் பழக்கினார்கள். பழக்கிய அச்சத்தை நீக்காமலே ஆய்வு முடிந்தது. பின்விளக்கம் என்பது தாளில் ஒரு பத்தி அன்று. வரும்போது எப்படி இருந்தாரோ அப்படியே அவரை வீட்டுக்கு அனுப்பும் கடமை.

தோட்டத்தில் இது நடைமுறையிலும் சரிவராது. காலையில் முதல் ஆளிடம் சொன்ன பொய், பசியாறும் வேளைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: எங்கே உட்கார்ந்து பேசுவது

பழைய லயத்து வீடுகளில் பல, இரண்டு வீட்டுக்கு ஒரு சுவராகக் கட்டப்பட்டவை. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். கூடத்தில் உட்கார்ந்தால் மாமியார் வருவார், கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், அவரே விடையும் சொல்வார். “எங்களுக்குள்ள ஒளிவுமறைவு இல்ல” என்பார்கள். கணவன் மனைவி சண்டையைப் பற்றிய உங்கள் கேள்வி அந்த இடத்தில் ஆபத்தானது. நீங்கள் போன பிறகு அந்த மனைவிக்கு அடி விழலாம். மூடிக் கிடக்கும் ஆயாக் கொட்டகை (பிள்ளைக் காப்பகம்), பள்ளி முடிந்த பிறகு ஒரு வகுப்பறை என்று இடத்தை முன்பே பார்த்து வையுங்கள். யாரேனும் வந்து உட்கார்ந்தால் உடனே மாறிக்கொள்ள, சமையல், பிள்ளை வளர்ப்பு என்று பாதகமில்லாத சில கேள்விகளைக் கையில் வைத்திருங்கள்.

நிறுத்தும் உரிமையை முதலில் ஒரு முறை சொன்னால் போதாது. 1971இல் ஸ்டான்ஃபோர்டில் பிலிப் ஸிம்பார்டோ நடத்திய போலிச் சிறை ஆய்வில், விலகிப் போகலாம் என்பது ஏட்டளவில் இருந்தும், ‘கைதி’களாக இருந்த மாணவர்கள் தாம் வெளியேற முடியாது என்றே நம்பத் தொடங்கினார்கள், இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது 6 நாளில் நிறுத்தப்பட்டது. ஆகவே கடினமான பகுதி வருமுன், “அடுத்தது கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமான கேள்விகள், தாண்டிவிடலாமா?” என்று கேளுங்கள். அவர் ஆமாம் என்று சொல்ல வசதியாகக் கேள்வியை அமைப்பது முக்கியம். கண் கலங்கினால் பேனாவைக் கீழே வையுங்கள்.

பத்தாம் படி: இரகசியம், அதன் எல்லை

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் போய்விடும் என்று நகரத்தில் எண்ணலாம். இங்கே, ‘பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும், மூன்று பெண் பிள்ளைகளின் தாய்’ என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். ஆய்வேட்டில் தோட்டத்தின் பெயரை எழுதாதீர்கள். வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தேவைப்பட்டால் மாற்றுங்கள், மாற்றியதைக் குறிப்பிடுங்கள். ஒப்புதல் தாள்கள் ஓரிடத்தில், விடைத்தாள்கள் வேறிடத்தில், இரண்டையும் இணைக்கும் எண் பட்டியல் பூட்டிய மூன்றாம் இடத்தில். ஒலிப்பதிவைப் புலனத்தில் நண்பருக்கு அனுப்பி எழுத்தாக்கச் சொல்வது கூடாது. அதுவும் அந்த நண்பர் இதே ஊர்க்காரராக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களைக் குறித்தே எழுதப்பட்டது. அது நம்மைக் கட்டாது என்று சொல்லித் தப்பிக்கிற மாணவர்களிடம், சட்டம் கட்டாத இடத்தில்தான் நெறி கட்ட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் இரகசியமாக வைப்பேன் என்று வாக்களிக்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, அப்படியொரு குற்றம் நடந்ததை அறிந்தும் தகவல் தராமல் இருப்பதையே குற்றமாக்குகிறது. எனவே பேட்டி தொடங்குமுன், “பிள்ளைகளுக்குத் தீங்கு நடப்பது தெரிந்தால், உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால், அதை மட்டும் நான் மற்றவரிடம் சொல்லியாக வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொன்னால் வாய் திறக்க மாட்டார்களே என்பது மாணவர்களின் முதல் கவலை. சிலர் திறக்க மாட்டார்கள்தான். எதைச் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது.

பதினோராம் படி: திரும்பிப் போவது

ஆய்வேடு ஏற்கப்பட்டதும் பலருக்கு ஊர் மறந்துவிடுகிறது. முடிவுகளை நான்கு பக்கத்துக்கு மிகாமல், நல்ல தமிழில், எண்கள் குறைவாக எழுதி எடுத்துக்கொண்டு, பங்கேற்றவர்கள் வரக்கூடிய ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் பொதுவாகச் சொல்லுங்கள். தனிப்பட்ட விடை ஒன்றைக்கூட எடுத்துக்காட்டாகச் சொல்லாதீர்கள். நிர்வாகத்தைக் குறைகூறும் முடிவு இருந்தால், அதை முதலில் தொழிலாளர்களிடம் காட்டி, வெளியிட்டால் யாருக்கு என்ன நேரும் என்று கேட்ட பிறகே மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

தகவல் தாளில் நீங்கள் கொடுத்த கைப்பேசி எண், அதில் குறிப்பிட்ட கடைசி நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும். விடைகளைத் திரும்பப் பெற விரும்பி ஒருவர் அழைக்கும்போது, காரணம் கேட்காமல் அவருடைய எண்ணைப் பட்டியலில் தேடி, தாளை அழித்து, அழித்ததைச் செய்தியாக அனுப்புங்கள். குறித்த நாள் வந்ததும் இணைப்புப் பட்டியலையும் கிழித்துவிடுங்கள். என் அம்மாவின் தாளில் தொடர்பு எண் ஒன்று இருந்தது. ஒரு வாரம் கழித்து, ஊரிலுள்ள காப்பிக்கடைப் பொதுத் தொலைபேசியிலிருந்து நான் அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன்; மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.